ஒட்டகச்சிவிங்கி வாங்கப் புகுந்த கதை

(பழைய மாணவர் ஒருவர் எழுதியது)

பெரியோர் சிறுவர்க்குக் கூறும் பொய்களுள் மிக எளியதும், அதனாலேயே மிகக் கொடியதும் யாதெனில், "பார்க்கலாம்" என்னும் ஒரு சொல்லேயாம். 'இல்லை' என்று மறுக்க மனமின்றியும், 'ஆம்' என்று உடன்பட வகையின்றியும் நிற்கும் வேளையில் இச்சொல் நம் நாவில் தானே வந்து நிற்கும். சொன்னவர் அதனை அக்கணமே மறந்துவிடுவர். கேட்ட குழந்தையோ அதனை ஒரு வாக்குறுதியாகக் கொண்டு தன் உள்ளத்தே வைத்துப் பூட்டிவிடும். யான் அவ்வாறு ஒரு நாள் சொல்லிய சொல்லின் பயனாக, இரண்டு மாத காலம் சட்ட நூல்களையும் விலங்கு நூல்களையும் புரட்ட நேர்ந்தது. அவ்வரலாற்றை இதழாசிரியரின் வேண்டுகோளுக்கிணங்கி ஈண்டு எழுதலானேன். பழைய மாணவர் கட்டுரையெனில் விடுதிச் சோற்றையும் வகுப்பு மணியையும் பற்றி எழுதுவதே வழக்கம். அவ்வழக்கத்தை விடுத்து ஒட்டகச்சிவிங்கியைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு நண்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் இறுதிவரை படிப்பார்களாயின், இக்கட்டுரை ஒருவகையில் நம் கல்லூரியைப் பற்றியதே என்பது அவர்கட்குப் புலனாகும்.

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் யான் குடும்பத்துடன் மைசூர் சென்றிருந்தேன். அங்கே 1892ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சாமராஜேந்திர விலங்குக்காட்சிச்சாலையைக் காணாது திரும்புவோர் அரியர். என் மகள் அப்பொழுது ஏழு வயதினள். யானையையும் புலியையும் கண்டு அவள் அவ்வளவாக வியக்கவில்லை. ஒட்டகச்சிவிங்கி நின்ற இடத்திற்கு வந்ததும் அவள் கால்கள் நின்றுவிட்டன. அது மரக்கிளையினின்று இலைகளை உருவித் தின்பதை நிறுத்தி, நீண்ட இமைகளையுடைய தன் கரிய கண்களால் எங்களை நோக்கிற்று. உயரத்தே நின்று பார்க்கும் கண்களில் செருக்கு இருக்கக் காண்பது உலக வழக்கு. அக்கண்களில் அஃது அறவே இல்லை. குழந்தை நெடுநேரம் அதனைப் பார்த்திருந்து, என் விரலைப் பற்றி, "அப்பா, இதை நாம் வாங்கி வளர்க்கலாமா?" என்று கேட்டாள். வெயில் மிகுதி; ஊர்திக்கு நேரமாயிற்று. "பார்க்கலாம் அம்மா," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. மூன்றாம் நாள் மாலை அவள் கண் சிவந்து வீடு வந்து சேர்ந்தாள். தன் வீட்டுக்கு ஒட்டகச்சிவிங்கி வரப்போவதாக அவள் வகுப்பில் அறிவித்திருக்கிறாள். பிள்ளைகள் அனைவரும் கைகொட்டிச் சிரித்திருக்கின்றனர். "என் அப்பா வக்கீல், பொய் சொல்லமாட்டார் என்று சொன்னேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்," என்று விம்மினாள். யான் வழக்கறிஞர் தொழில் செய்பவன். கைம்மாறு பெறாமல் செய்யும் வாக்குறுதி, சில விலக்குகள் ஒழிய, செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் கூறுவதை யான் நன்கு அறிவேன். ஆனால் ஏழு வயதுக் குழந்தையின் நீதிமன்றத்தில் அவ்வாதம் எடுபடுமா? அவள் முகத்தைக் கண்டபொழுது, முப்பது ஆண்டுகளுக்கு அருகாக என் நெஞ்சினுள் கிடந்த பழைய வழக்கொன்று புரண்டெழுந்தது. அதனைப் பின்னர்க் கூறுவேன். அன்றிரவு யான் அவளிடம், "அம்மா, நான் விசாரியாமலே பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன், அது என் தவறு. இனி உண்மையாகவே பார்ப்போம். முடியுமானால் முடியும் என்போம், முடியாதாயின் ஏன் முடியாது என்று இருவரும் அறிந்துகொள்வோம்," என்றேன். அவள் உடனே ஒரு புதிய நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து, முதற் பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கி என்று எழுதி அடிக்கோடிட்டாள்.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது கூறல் தகும். 'சிவிங்கி' என்பது வேட்டைக்குப் பழக்கப்பெற்ற ஒருவகைச் சிறுத்தைக்கு நம் மொழியில் வழங்கும் பெயர். ஒட்டகத்தின் வடிவும் சிவிங்கியின் புள்ளியும் ஒருங்கே உடைமையின் ஒட்டகச்சிவிங்கி ஆயிற்று. கிரேக்கரும் ஒட்டகம், சிறுத்தை என்னும் இரு பெயர்களைச் சேர்த்தே இதனை அழைத்தனர். பாரசீகர் அவ்விரண்டனோடு பசுவையும் சேர்த்துக்கொண்டனர். இவ்வாறு எல்லாரும் தாம் அறிந்த பிராணிகளைக் கொண்டே இதனைப் பெயரிட்டு அழைத்தனரேயன்றி, இது இதுவேயாம் என்று கண்டாரில்லை. ஒன்றை உடைமையாக்கிக்கொள்ள விழைவோரின் முதற் பிழை இதுவே போலும்.

இனிச் சட்டத்தைக் காண்போம். அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் பொருட்டு உலக நாடுகள் பல 1973ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. சைட்டீஸ் என்று வழங்கும் அவ்வுடன்படிக்கையில் 1976இல் இந்தியாவும் சேர்ந்தது. அதில் மூன்று பட்டியல்கள் உள்ளன. 2019ஆம் ஆண்டு ஜெனீவாவில் நடைபெற்ற மாநாட்டில் ஒட்டகச்சிவிங்கி இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பெற்றது. அதன் கருத்து யாதெனில், இதனை நாடு விட்டு நாடு கொண்டுசெல்லுதல் முற்றும் விலக்கப்படவில்லை. ஆனால் அனுப்பும் நாட்டின் அதிகாரிகள், இச்செயலால் அவ்வினத்திற்குக் கேடில்லை என்று ஆய்ந்து தெளிந்து, உத்தரவுச் சீட்டு அளித்தல் வேண்டும் என்பதாம். இக்கட்டுப்பாட்டுக்குக் காரணம் இல்லாமலில்லை. 1985ஆம் ஆண்டளவில் ஆப்பிரிக்காவில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த ஒட்டகச்சிவிங்கிகள், 2015ஆம் ஆண்டில் ஓரிலட்சத்துக்கும் சற்றுக் குறைவாயின என்று 2016இல் கணக்கிட்டு, அழிவுக்கு இலக்காகும் இனங்களுள் இதனையும் வைத்தனர். காடு விளைநிலமாதலும், போரும், திருட்டு வேட்டையும் இதற்குக் காரணங்களாம்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பெற்று, 2023 ஏப்ரல் முதல் நாள் தொட்டு நடைமுறைக்கு வந்தது. மேற்கூறிய உடன்படிக்கையின் பட்டியல்களில் கண்ட உயிரினங்களை அத்திருத்தம் இச்சட்டத்தினுள்ளே கொணர்ந்தது. அத்தகைய உயிர்ப் பிராணி ஒன்றைத் தம்மிடத்தே வைத்திருப்பவர் அதனை அரசுக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்று பெறுதல் வேண்டும். அது குட்டி ஈன்றாலும் இறந்தாலும் கைமாறினாலும் அறிவித்தல் வேண்டும். இதற்கான விதிகள் 2024இல் வெளியாயின. அன்றியும், பிராணிகளைப் பொதுமக்களுக்குக் காட்டும் நிலையம் எதுவாயினும், மத்திய விலங்குக்காட்சிச்சாலை ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றே நடைபெறல் வேண்டும். "அண்டை வீட்டார் நுழைவுக் காசு கொடுத்துப் பார்த்தால் தீனிச் செலவு போய்விடுமே," என்று என் மகள் கூறிய யோசனை இவ்விதியில் முட்டி நின்றுவிட்டது.

இவையெல்லாவற்றினும் என் உள்ளத்தைத் தொட்டது வேறொரு சட்டம். 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தில், ஒரு பிராணியை அது தக்கவாறு அசைந்து இயங்குவதற்கு வேண்டிய உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூட்டில் அடைத்தல் குற்றம் என்று விதிக்கப்பட்டுள்ளது. நீளம் அகலம் உயரம் என்பதே நம் பேச்சு வழக்கு. இச்சட்டமோ உயரத்தை முதலில் வைத்தது, ஒட்டகச்சிவிங்கியை மனத்தில் நினைத்தே எழுதியது போலத் தோன்றிற்று.

பிற நாடுகளின் நிலையையும் நோக்கினேன். பிரிட்டனில் 1976ஆம் ஆண்டின் அபாயகரமான வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணையில் ஒட்டகச்சிவிங்கியும் உண்டு. அங்கே ஒருவர் இதனை வளர்க்க விரும்பினால் உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் பெறல் வேண்டும். கால்நடை மருத்துவர் வந்து இடத்தைப் பார்வையிடுவர். பிறர்க்கு நேரும் தீங்குக்கு ஈடாகக் காப்புறுதியும் செய்தல் வேண்டும். இத்துணைச் சாந்தமுள்ள பிராணி அபாயகரமானதோ என்று ஐயுற வேண்டா. அதன் ஓர் உதை சிங்கத்தையும் கொல்ல வல்லது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறுபடுகின்றது. டெக்சஸ் போன்ற மாகாணங்களில் தனியார் பண்ணைகளிலே ஒட்டகச்சிவிங்கிகள் வாழ்கின்றன. பொதுமக்களுக்குக் காட்டுவதாயின் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கும் உரிமம் வேண்டும். ஆகவே, பணமும் நிலமும் உடைய ஒருவன் இப்பிராணியை உடைமையாக்கிக்கொள்ளுதல் உலகில் எங்கும் நடவாத காரியம் என்று சொல்லுதற்கில்லை.

யான் இவ்வளவும் எடுத்துரைத்தபின் என் மகள் தன் நோட்டைப் பார்த்து, "அப்படியென்றால் சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை; கேட்டுவிட்டுச் செய் என்றுதான் சொல்கிறது. அவ்வளவுதானே அப்பா?" என்றாள். பல ஆண்டுகள் நீதிமன்றம் ஏறியிறங்கிய யானும் இதனினும் சுருக்கமாகக் கூறியிரேன்.

அடுத்தது இடம். ஆண் ஒட்டகச்சிவிங்கி பதினெட்டு அடி உயரம் வளரும். எடை ஆயிரத்து இருநூறு கிலோவை எட்டும். பெண் அதனினும் சிறியதாயினும் பதினான்கு அடிக்குக் குறையாது. பிறக்கும் குட்டியே ஆறடி உயரம்; அஃது எங்கள் வீட்டு வாயில் நிலையிலும் குனிந்துதான் நுழைய வேண்டும். எங்கள் வீட்டுத் தளத்தின் உயரம் பத்தடி. "உடம்பு கீழே இருக்கட்டும், தலையை மாடியில் வைத்துக்கொள்ளட்டும், நான் மாடியிலிருந்து பேசுவேன்," என்றாள் குழந்தை. தெருவிற் செல்லும் மின்கம்பிகளைச் சுட்டிக்காட்டியபின் அவ்வரியை அவளே அடித்துவிட்டாள். நண்பன் ஒருவனுக்கு ஊருக்குப் புறத்தே நிலம் உண்டு. அங்கே உயர்ந்த கொட்டகை போடலாம் என்று சிறிது நாள் அதனைப் பற்றியும் சிந்தித்தோம். ஆனால் ஒட்டகச்சிவிங்கி தோட்டத்திற் கட்டி வைக்கும் பிராணியன்று. நாள்தோறும் நெடுந்தூரம் உலாவும் இயல்பினது. வழுக்கும் தரையில் கால் பரப்பி விழுந்துவிடின் எழுவது அதற்கு அரிதாகும். ஆதலின் தரையும் அதற்கெனவே அமைத்தல் வேண்டும்.

பின்னர் உணவு. இதில் மட்டும் நமக்கு ஒரு நன்மை இருந்தது. ஆப்பிரிக்காவில் இதன் விருப்பமான தழை வேலமர இனத்தது. எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் கருவேல மரங்களுக்குக் குறைவில்லை. முள்ளுக்கிடையே முழ நீளமுள்ள தன் கரிய நாவை நீட்டி இலையை மட்டும் வளைத்துப் பறிக்கும் வித்தை இதற்குப் பிறவியிலேயே அமைந்தது. ஆனால் வளர்ந்த பிராணி ஒன்று நாளொன்றுக்கு முப்பது கிலோ தழையை எளிதில் தின்னும். முப்பதை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்குமாறு மகளிடம் கூறினேன். அவள் விரலும் எழுதுகோலும் கொண்டு பெருக்கி, ஆண்டுக்கு 10,950 கிலோ என்று கண்டாள். ஒட்டகச்சிவிங்கி இருபது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. இருபதால் பெருக்கியபொழுது 2,19,000 கிலோ வந்தது. "கண்மாயில் அவ்வளவு இலை இராது," என்று அவள் மெல்லக் கூறினாள். தழை போதாத இடங்களில் குதிரைமசாலும் கலப்புத் தீவனமும் கொடுக்கின்றனர். ஆயினும் நாவால் துழாவிப் பறித்துத் தின்னும் வேலை இல்லாதவிடத்து, அடைபட்ட ஒட்டகச்சிவிங்கிகள் பல, சுவரையும் வேலிக்கம்பியையும் ஓயாது நக்கிக்கொண்டிருக்கும் பழக்கத்தை மேற்கொள்ளுகின்றன என்று ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். வயிறு நிறைந்தும் நாவுக்குத் தொழிலின்றித் தவிக்கும் அந்நிலையை எண்ணி யான் வருந்தினேன்.

மருத்துவத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். அதன் கழுத்தெலும்புகள் நமக்குள்ளது போல் ஏழே. ஆனால் ஒவ்வொன்றும் மிக நீண்டது. அவ்வளவு உயரத்துக்குக் குருதியை ஏற்றவேண்டியிருத்தலின், அதன் குருதி அழுத்தம் நம்முடையதைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. மயக்க மருந்து கொடுத்துக் கிடத்துதல் இப்பிராணியைப் பொறுத்தவரை பேராபத்து. தலை சாயும் விதமும், இரைப்பை உணவு மேலெழுந்து மூச்சுக்குழலிற் செல்லுதலும் உயிரைப் போக்கிவிடக்கூடும். குளம்பு அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டால் சீவுதல் வேண்டும். பொறுமையுடன் பலநாள் பழக்கி, அது தானாகவே காலை நீட்டுமாறு செய்தே அதனைச் சீவுவர். எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் பரிவுமிக்கவர். அவரிடம் இதனைக் கூறியபொழுது, "ஐயா, நான் ஏணி வைத்து நாடி பார்க்கவேண்டுமோ?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். கூட்டமாய் வாழும் பிராணியைத் தனியே நிறுத்தினால் நோயை நாமே வாங்கியதாகும்," என்றார்.

நிற்க. சட்டமும் கணக்கும் குழந்தையின் ஆசையைக் குறைத்தனவேயன்றி அழிக்கவில்லை. ஆகவே, முன்னர் ஒட்டகச்சிவிங்கியை உடைமையாகப் பெற்றவர்களின் வரலாற்றை அவளுக்குக் கூறலானேன். 1487ஆம் ஆண்டில் எகிப்து நாட்டுச் சுல்தான் புளோரென்ஸ் நகரத்து லொரென்சோ தெ மெதிசி என்னும் செல்வருக்கு ஒன்றை அனுப்பினார். நகரமே திரண்டு கண்டு களித்தது. ஆனால் அது நெடுநாள் வாழ்ந்திலது. 1827ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜுக்கு எகிப்தின் ஆட்சியாளர் முகம்மது அலி ஒன்றை அனுப்பினார். குட்டியாயிருந்தபொழுது ஒட்டகத்தின் முதுகில் கட்டிக் கொணரப்பட்டதால் கால்கள் ஊறுபட்ட அது, இரண்டாண்டுகளில் மாண்டது.

அதே முகம்மது அலி பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்ல்சுக்கு அனுப்பியது மட்டும் நீடு வாழ்ந்தது. சூடான் நாட்டில் குட்டியாகப் பிடிபட்ட அப்பெண் ஒட்டகச்சிவிங்கி நைல் நதி வழியே வந்து, கப்பலின் மேல்தட்டில் அதன் கழுத்துக்கென்று வெட்டப்பெற்ற துளையின் வழியே தலையை நீட்டிக்கொண்டு கடல் கடந்து, 1826 அக்டோபரில் மார்செய் துறையை அடைந்தது. பால் கொடுப்பதற்கென்று கறவைப் பசுக்கள் உடன் வந்தன. நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 லிட்டர் பால் அதன் உணவு. குளிர்காலம் கழிந்தபின், 1827 மே 20ஆம் நாள், ஜெஃப்ருவா சென்ட்-ஹிலேர் என்னும் விலங்கியற் பேரறிஞர் தாமே துணையாக நடந்துவர, அது பாரிஸ் நோக்கிப் புறப்பட்டது. ஏறக்குறைய 880 கிலோமீட்டர் வழியை 41 நாளில் நடந்து, ஜூன் 30ஆம் நாள் தலைநகரை அடைந்தது. மழையில் நனையாதபடி அதற்கு மேலங்கியும் தைத்திருந்தனர். அரசர் தம் கையாலேயே அதற்கு உணவளித்தார். பின்னர் அரசாங்கத் தோட்டத்தில் அதனை வைத்தனர். அத்திர் என்னும் சூடானியர் அதன் கொட்டிலிலேயே தங்கி, அதனை நாள்தோறும் தேய்த்துத் துடைத்துப் பேணிவந்தார். 1830இல் மக்கள் கிளர்ச்சியால் பத்தாம் சார்ல்சு முடியிழந்து நாடு விட்டுச் சென்றார். உடையவர் போயினார்; உடைமை போகவில்லை. அப்பிராணி 1845ஆம் ஆண்டு வரை அத்தோட்டத்திலேயே வாழ்ந்தது.

கதையைக் கேட்டு முடித்த மகள் இரண்டு கேள்விகள் கேட்டாள். "அதைப் பிடித்தபோது அதன் அம்மா எங்கே இருந்தது?" என்பது முதலாவது. வேடர்கள் தாயைக் கொன்றபின்னரே குட்டியைப் பிடித்தனர் என்று யான் மறையாது கூறினேன். சிறிது நேரம் சென்றபின், "அந்தப் பசுக்களின் பாலை இது குடித்துவிட்டால், அவற்றின் கன்றுகள் என்ன குடித்தன?" என்பது இரண்டாவது. இதற்கு என்னிடம் விடையில்லை. அப்பொழுது, திண்ணையில் சாய்வு நாற்காலியிற் சாய்ந்திருந்த என் தந்தையார் ஒருமுறை இருமினார். எண்பது வயதைக் கடந்த அவர் எங்கள் ஒட்டகச்சிவிங்கி விசாரணையை நாள்தோறும் செவிமடுத்து வந்தவராயினும், அதுவரை ஒரு வார்த்தையும் பேசினாரில்லை. குழந்தை அவர்பால் ஓடி, "தாத்தா, நீங்கள் அப்பாவுக்கு ஏதாவது தருகிறேன் என்று சொல்லி ஏமாற்றியதுண்டா?" என்று வினவினாள். அவர் என்னை நோக்காமலே, "கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டதுண்டு," என்றார்.

யான் முன்னர்க் குறிப்பிட்ட பழைய வழக்கு இதுதான். எங்கள் வீட்டில் செவலைக் கன்று ஒன்று பிறந்தது. "இஃது உன்னுடையது," என்று என் தந்தையார் எனக்கு அதனைக் கொடுத்தார். யான் புல்லறுத்தேன், குளிப்பாட்டினேன், என் சோற்றில் ஒரு கவளம் அதற்கு வைத்தேன். இரண்டாண்டில் அது நல்ல கிடாரியாக வளர்ந்தது. 1996ஆம் ஆண்டு ஜூன் மாதம் யான் நம் கல்லூரியில் சேர்ந்தேன். விடுதிக்கும் கல்லூரிக்கும் கட்டணம் எவ்வாறு வந்தது என்று யான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முதல் விடுமுறைக்கு வீடு சென்று நேரே கொட்டிலுக்கு ஓடினேன். முளையில் கயிறு மட்டும் சுற்றியிருந்தது. "என் கன்று எங்கே?" என்று கேட்டேன். "அஃது உனக்கு முன்னாலேயே கல்லூரிக்குப் போய்விட்டது," என்றார். அவ்வளவே. என் பொருளை என்னைக் கேளாமல் விற்றார் என்ற சினம் எனக்கு மூண்டது. அவ்விடுமுறை முழுவதும் அவருடன் பேசவில்லை. நாளடைவில் பேசினேன், ஆனால் அக்கன்றைப் பற்றி மட்டும் இருவரும் பின்னர் ஒருபோதும் பேசியதில்லை.

அன்று மாலை அவர் என் மகளுக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொன்னார்: "மூன்று மைலுக்கு அப்பால் ஒரு சம்சாரிக்கு விற்றேன். உன் அப்பன் கோபமாய் இருந்தான். சந்தைக்குப் போகும் நாளெல்லாம் அந்த ஊர் வழியாகத்தான் போவேன். ஒரு கட்டுப் பசும்புல் கொண்டுபோய் அதற்குப் போட்டுவிட்டு வருவேன். அது என் குரலைக் கேட்டால் எழுந்து நிற்கும். முதல் ஈத்து நல்லபடியாக ஈன்றது, அதையும் பார்த்தேன். பிறகு அந்த ஆள் அதை வேறு யாருக்கோ விற்றுவிட்டான், போவதை நிறுத்திவிட்டேன். விற்ற பிறகு அது எனக்குச் சொந்தமில்லைதான். ஆனாலும் நான் அதற்குச் சொந்தம் என்றே தோன்றியது."

அன்பர்களே, நம் மொழியில் 'சொந்தம்' என்னும் சொல் உடைமையையும் குறிக்கும், உறவையும் குறிக்கும். பத்திரங்களில் எத்தனையோ முறை அச்சொல்லை யான் எழுதியிருக்கிறேன். அதன் இரண்டாம் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. பாரிஸ் நகரத்து ஒட்டகச்சிவிங்கி பிரெஞ்சு மன்னருக்குச் சொந்தம்; அத்திரோ அதற்குச் சொந்தம். 1996இல் அக்கன்று என்னுடையது என்று வழக்காடிய யான், விற்றபின் அதனை ஒருமுறையேனும் சென்று பார்த்தேனா? இல்லை. விற்றவர் சென்று பார்த்தார். யான் எழுந்து தந்தையார் அருகே சென்று அமர்ந்தேன். மன்னிப்புக் கேட்கச் சொற்கள் வரவில்லை. அவர் என் கையைத் தட்டி, "கல்லூரியில் நன்றாய்த்தானே படித்தாய்," என்றார்.

விசாரணை அத்துடன் முடிவுற்றது. தீர்ப்பை வழங்கியவள் என் மகள். "வேண்டாம் அப்பா. அது அங்கேயே இருக்கட்டும். ஆனால் முடியாது என்று மைசூரிலேயே சொல்லியிருக்கலாம்," என்றாள். இக்கண்டனம் முற்றும் பொருந்தும் என்று ஏற்றுக்கொண்டேன். மைசூர் விலங்குக்காட்சிச்சாலையில் பிராணிகளைத் தத்தெடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. பணம் செலுத்துவோர் பிராணியை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. குறித்த காலத்துக்கு அதன் பராமரிப்புச் செலவில் பங்கு கொள்ளுகின்றனர். பெரும் பிராணிக்குப் பெருந்தொகையும் சிறு பிராணிக்குச் சிறு தொகையும் உண்டு. எங்கள் வருவாய்க்கு ஒட்டகச்சிவிங்கி எட்டவில்லை. மகள் ஒரு சிறு பறவையைத் தேர்ந்தெடுத்தாள். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவள் எழுதி, வகுப்பிலும் எழுந்து நின்று படித்தது வருமாறு: "எங்கள் வீட்டுக்கு ஒட்டகச்சிவிங்கி வரவில்லை. அப்பா விசாரித்துவிட்டார். அதற்கு நாங்கள் போதாது." இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை என்று வந்து கூறினாள்.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். நீங்கள் உறையும் விடுதி அறைகளில் ஒன்றில் யானும் மூன்றாண்டு உறைந்தேன். கட்டணச் சீட்டை மடித்துப் பெட்டியில் இட்டு, அதனை மறந்தும் போனேன். உங்களுள் பலர்க்கும் அத்தகைய சீட்டு ஒன்று பெட்டியின் அடியிற் கிடக்கும். உங்களுக்கு முன்னாலேயே இக்கல்லூரிக்கு வந்து சேர்ந்தது எது என்பதை வீட்டாரைக் கேட்டறியுங்கள். அது நிலமாயிருக்கலாம், நகையாயிருக்கலாம், முளையில் நின்ற ஒரு கன்றாயிருக்கலாம். முப்பதாண்டு காத்திராமல், வருகிற விடுமுறையிலேயே கேளுங்கள். கேட்க நாணமாயிருப்பின், பேச்சை ஒட்டகச்சிவிங்கியிலிருந்து தொடங்கலாம். யான் அவ்வாறே தொடங்கினேன்.